கொள்ளையனை மேடையேற்றியது கலகமா, கல்லாப்பெட்டியா?

மேடைப்பித்தன்:
ஆஸ்திரேலிய நாடக வரலாற்றைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான். 1829இல் டேவிட் பர்ன் எழுதிய ‘தி புஷ்ரேஞ்சர்ஸ்’ எடின்பரோவின் கலிடோனியன் தியேட்டரில் அரங்கேறியது. 1834இல் டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட்டில் ஹென்றி மெல்வில் எழுதியது, அதற்கும் ஏறக்குறைய அதே தலைப்பு. 1835இல் சார்ல்ஸ் ஹார்ப்பரின் ‘தி டிராஜடி ஆஃப் டோனஹோ’வின் பகுதிகள் சிட்னி மானிட்டர் பத்திரிகையில் வந்தன. மூன்று பேரும் எடுத்துக்கொண்டது ஒரே வகை ஆளைத்தான்: காட்டுக்குள் ஓடி வழிப்பறியில் இறங்கிய தப்பியோடிக் கைதி. அவனுக்குத்தான் அங்கே புஷ்ரேஞ்சர் என்று பெயர்.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்தி அனுப்பிய இடம் அது, ஊரே ஒரு சிறைச்சாலை. மேலே ஆளுநர், கீழே கசையடி. அப்படிப்பட்ட இடத்தில் அதிகாரத்துக்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னவன் புஷ்ரேஞ்சர் ஒருவன்தான். அவன் பக்கக் கதையை முதலில் எடுத்துக்கொண்டது நாடகம். அதனால் இவற்றைக் கலக நாடகங்கள் என்றே சொல்வேன். மறுப்பவர்கள் வரலாம்.

வக்கீல் குமாஸ்தா:
வந்துட்டேன்.

உங்க மூணு சாட்சியையும் ஒவ்வொண்ணா கூண்டுல ஏத்துவோம். டேவிட் பர்ன் யாரு? கைதியா? இல்லை. அவங்க அம்மா ஜேகபினா பர்ன், வான் டீமன்ஸ் லேண்டுல (இன்னைக்கு டாஸ்மேனியா) தன் பேர்லயே நிலமானியம் வாங்கின முதல் பெண்மணி. பர்ன் அங்க போய் இறங்கினது 1826. அவர் நாடகமாக்கின மேத்யூ பிரேடியைத் தூக்குல போட்டதும் அதே 1826தான். பண்ணையார் வீட்டுப் பிள்ளை ஸ்காட்லாந்துக்குப் போய், பிரேடியைக் கண்ணால கூடப் பார்க்காத கூட்டத்துக்கு நாடகம் போட்டுக் காட்டினார். அந்தப் பிரதி அச்சானது 1971ல. ஒரு கைதி காதுலயாவது ஒரு வசனம் விழுந்திருக்குமா?

மெல்வில் நாடகத்தோட முழுத் தலைப்பைச் சொல்லாம நைசா விட்டுட்டீங்க. ‘தி புஷ்ரேஞ்சர்ஸ்; ஆர், நார்வுட் வேல்’. நார்வுட் வேல்ங்கறது குடியேறின குடும்பத்தோட பண்ணை. நல்ல அப்பா, அழகான பொண்ணு, காதலன், வீட்டைத் தாக்க வர்ற கொள்ளைக்கூட்டம், கடைசில மீட்பு. இதுல கலகம் எங்க இருக்கு? லண்டன்ல ஓடிட்டிருந்த மெலோடிராமாவுக்கு யூகலிப்டஸ் மரத்தைப் பின்னாடி வரைஞ்சு வெச்சாச்சு, அவ்வளவுதான்.

சும்மா படிக்கிறவன்:
பிரேடி யாருன்னே எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிட்டு சண்டை போடுங்கய்யா.

மேடைப்பித்தன்:
மான்செஸ்டர்க்காரன். சில்லறைத் திருட்டுக்கு ஏழு வருஷம் நாடுகடத்தல். மக்வாரி ஹார்பர் என்ற கொடுஞ்சிறையிலிருந்து 1824இல் ஒரு கும்பலோடு படகேறித் தப்பினான். மறு வருஷம் ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் அவன் தலைக்கு விலை வைத்தார். அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு சத்திரத்தின் கதவில் பதில் நோட்டீஸ் ஒட்டினான்: ஆர்தர் என்றொருவர் இன்னும் வெளியே நடமாடுவது தனக்கு மிகுந்த கவலையாக இருக்கிறது, அவரைப் பிடித்துத் தருபவருக்கு 20 காலன் ரம் தரப்படும்.

அடுத்து சோரல் என்ற ஊருக்குள் புகுந்தான். தன்னைப் பிடிக்க அலைந்து களைத்திருந்த சிப்பாய்களை அந்த ஊர்ச் சிறையிலேயே போட்டுப் பூட்டிவிட்டுப் போனான். பெண்களிடம் முறையாக நடந்துகொண்டவன் என்று பெயர் வாங்கியிருந்ததால், மரண தண்டனைக் கைதியாக இருந்தபோது பூவும் பழமும் வந்து குவிந்தன. தாமஸ் ஜெஃப்ரிஸ் என்ற குழந்தைக் கொலைகாரனோடு சேர்த்துத் தன்னைத் தூக்கிலிடுவதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்ததாம்.

குமாஸ்தா சார், இப்படிப்பட்டவனை நாயகனாக்கி, ஆர்தரின் நிர்வாகத்தை வில்லனாக்கி எழுதுவது சாதாரணமா? ஆர்தர் அப்போது பதவியில் இருக்கிறார், 1836 வரை இருந்தார். ஹோபார்ட்டில் அந்த நாடகத்தைத் தொட முடியுமா? எடின்பரோவில் போட்டார் என்பதே என் வாதத்துக்குத்தான் சாட்சி.

வக்கீல் குமாஸ்தா:
பர்னுக்கு ஆர்தர் மேல காட்டம்ங்கறது உண்மைதான். ஆனா அது யாரோட காட்டம்? சட்டமன்றம் வேணும், ஜூரி வேணும், ஆளுநர் ஒருத்தரே எல்லாத்தையும் தீர்மானிக்கக் கூடாதுன்னு கேட்ட நிலக்கிழார்களோட காட்டம். அதே ஆட்களோட பண்ணையில்தான் கைதிகள் கூலியில்லாம உழைச்சாங்க. அவங்களை விடுதலை பண்ணணும்னு பர்ன் எழுதினாரா? பிரேடி அவர் கையில ஒரு தடி, அவ்வளவுதான். ஊரான் சேவலைக் களத்துல இறக்கிவிட்டுப் பங்காளிகள் தங்களுக்குள்ள பந்தயம் கட்டின கதை.

பழுப்பு ஏடு:
இருவரும் பொறுமையாக இருக்க வேண்டும். மெல்வில்லை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடக் கூடாது.

அவர் அச்சகம் வைத்திருந்தவர், ‘கலோனியல் டைம்ஸ்’ பத்திரிகையின் உரிமையாளர். ஹென்றி சேவரி என்ற கைதி எழுதிய ‘குவின்டஸ் சர்வின்டன்’, ஆஸ்திரேலியாவின் முதல் நாவல், இவருடைய அச்சகத்தில்தான் உருவானது. நீதிமன்ற அவமதிப்பு என்று 1835இல் இவரைச் சிறையில் அடைத்தார்கள். ஆர்தரைத் தாக்கி அந்தத் தீவின் வரலாற்றை எழுதியவரும் இவர்தான். ஆக, ஆளுநரின் பல்லக்குத் தூக்கி அல்ல.

பிறகு ஏன் அவருடைய நாடகத்தில் மட்டும் இவ்வளவு அடக்கம்? பத்திரிகையைத் தனியாக உட்கார்ந்து படிக்கலாம். நாடகக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகக் கூடுகிறார்கள். காலரியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முன்னாள் கைதிகள். அங்கே மேடையில் ஒருவன் ஆளுநரைத் திட்டினால் கைதட்டல் வரும். அதிகாரி பயந்தது எழுத்துக்கு அல்ல, அந்தக் கைதட்டலுக்கு.

சிட்னியைப் பாருங்கள். 1828இல் ஆளுநர் டார்லிங் காலத்தில் பொதுக் கேளிக்கைக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பார்னெட் லீவி என்ற வணிகர் தியேட்டரைக் கட்டி வைத்துக்கொண்டு நாடகம் போட அனுமதி கேட்டு நடையாய் நடந்தார், டார்லிங் தரவில்லை. அடுத்து வந்த பர்க்தான் 1832 இறுதியில் தந்தார். அதிலும் ஒரு நிபந்தனை: இங்கிலாந்தில் ஏற்கெனவே அனுமதி பெற்ற நாடகங்களை மட்டுமே போட வேண்டும். அப்படியென்றால் உள்ளூர்க்காரன் உள்ளூர்க் கதையை எழுதி எங்கே போடுவான்?

ஹார்ப்பரின் நாடகம் அவர் வாழ்நாளில் மேடை ஏறவே இல்லை. அவருடைய அப்பா, அம்மா இருவரும் நாடுகடத்தப்பட்டு வந்தவர்கள். ‘கைதியின் குரல்’ என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கிடைத்தது பத்திரிகையில் சில பத்திகள், 1853இல் ஒரு புத்தகம். அதற்குள் டோனஹோ என்ற பெயரையும் எடுத்துவிட்டு ஸ்டால்வர்ட் என்று மாற்றிவிட்டார்.

சும்மா படிக்கிறவன்:
டோனஹோவுக்கும் ஒரு முன்கதைச் சுருக்கம் ப்ளீஸ்.

பழுப்பு ஏடு:
டப்ளின் இளைஞன், ஆயுள் தண்டனையாக 1825இல் சிட்னிக்கு வந்தவன். மாட்டுவண்டிகளை மறித்துக் கொள்ளையடித்துப் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு தப்பினான். 1830 செப்டம்பர் 1ஆம் தேதி பிரிங்கலி என்ற இடத்தில் போலீசோடு நடந்த சண்டையில் தலையில் குண்டு பாய்ந்து செத்தான். சர்வேயர் ஜெனரல் தாமஸ் மிட்செலே பிணவறைக்குப் போய் அவன் முகத்தைப் படமாக வரைந்தார். ஒரு சிட்னிக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் தலை வடிவத்திலேயே களிமண் சுங்கான் செய்து விற்றார். நெற்றியில் குண்டு துளைத்த ஓட்டையையும் விடவில்லை. புகையிலையை அடைப்பது அவன் மண்டைக்குள்.

வக்கீல் குமாஸ்தா:
ரொம்ப நன்றி ஐயா. அந்தச் சுங்கானை எக்ஸிபிட் ஏ-ன்னு குறிச்சுக்கிறேன். தலைப்புல கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். சாகற வரைக்கும் அவன் பயங்கரம், செத்த மறுநாள் சரக்கு.

இன்னொண்ணு. ஹார்ப்பர் கைதிகளோட மகன்தான். ஆனா அவரோட டோனஹோ ஒரு ராபின் ஹுட்டா? இளம்ஜோடியில காதலனைக் கொல்றவன், மனசாட்சி அரிச்சுத் தின்கிறவன். அவனைப் பத்தின பாட்டைத்தான் மதுக்கடைகள்ல பாடினாங்க. பாட்டுல அவன் வீரன், ஹார்ப்பர் நாடகத்துல பாவி. கலகம் எங்க இருந்ததுன்னு கேட்டா பாட்டுல இருந்தது, தெருவுல இருந்தது. மேடையில இல்லை. மேடைன்னா ஏன் உடனே புல்லரிக்குது மேடைப்பித்தனுக்கு?

மேடைப்பித்தன்:
பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா?

மனசாட்சி உறுத்துகிறவன் பாவி என்றால் மேக்பெத்தும் பாவிதான். ஒரு தப்பியோடிக் கைதிக்கு மனசாட்சி உண்டு, அதை ஐந்து அங்கங்களில் கவிதையாகப் பேசவிடலாம் என்று 1835இல் ஒரு 22 வயதுப் பையன் நினைத்தானே, அதைத்தான் நான் கலகம் என்கிறேன். அரசாங்க கெஜட்டில் அவனுக்கு உயரம், கண் நிறம், தழும்பு மட்டும்தான் இருந்தன. வீரனாகக் காட்டினால்தான் கலகம் என்பது சினிமா பார்த்து வந்த பழக்கம்.

யாரா நதி:
கன நேரமா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். நான் மெல்பேர்னில இருக்கிறன், இஞ்ச பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நெட் கெலி எண்ட புஷ்ரேஞ்சர் எண்டால் அப்பிடி ஒரு விருப்பம். ஆனா நீங்கள் ரெண்டு பேரும் கைதி, பண்ணையார், ஆளுநர் எண்டு மூண்டு ஆக்களை மட்டும் வைச்சுக் கதைக்கிறியள். நாலாவது ஆக்கள் எங்க?

1830ல லண்டன் சரே தியேட்டரில மான்கிரீஃப் எண்டவர் ‘வான் டீமன்ஸ் லேண்ட்’ எண்டு ஒரு நாடகம் போட்டவர். மைக்கேல் ஹோ எண்ட புஷ்ரேஞ்சர் அதில வாறான். உபதலைப்பு ‘குடியேறிகளும் பூர்வகுடிகளும்’. அதே 1830ல அந்தத் தீவில என்ன நடந்தது? பூர்வகுடிச் சனத்தைத் துரத்திப் பிடிக்க ரெண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களை வரிசையா நிப்பாட்டி, காடு முழுக்க அரிச்சுக்கொண்டு போனவை. ‘பிளாக் லைன்’ எண்டு பேர். லண்டனில சனம் டிக்கெட் எடுத்துப் பூர்வகுடி வேசம் பாத்த வருசமும் அதுதான்.

பிரேடியைப் பிடிச்சது ஆர்? ஜோன் பட்மன். மெல்பேர்னை நிறுவினவர் எண்டு இஞ்ச கொண்டாடின அதே ஆள். 1829ல, பர்னின்ர நாடகம் எடின்பரோவில போன அதே வருசம், பென் லோமண்ட் பக்கம் ஒரு பூர்வகுடி முகாமைத் தாக்கி, காயப்பட்டுப் பிடிபட்ட ரெண்டு பேரைச் சுட்டவர். அதை அவரே கடிதத்தில எழுதியிருக்கிறார்.

மஸ்கிட்டோ எண்டு ஒருத்தர். சிட்னிப் பக்கத்துப் பூர்வகுடி. 1805ல நோர்ஃபோக் தீவுக்கு நாடுகடத்தி, பிறகு டாஸ்மேனியாவுக்குக் கொண்டு வந்து, புஷ்ரேஞ்சர்மாரைத் தேடிப் பிடிக்கிறதுக்குப் பயன்படுத்தினவை. வேலை முடிஞ்சதும் கைவிட்டவை. அவர் திரும்பி நிண்டு குடியேறிகளோட சண்டை பிடிச்சார். 1825 பெப்ரவரியில ஹோபார்ட்டில தூக்கு. பிரேடிக்கு ஒரு வருசம் முந்தி, அதே ஊர். இவரும் சட்டத்துக்கு வெளியில நிண்டவர்தானே? பிரேடிக்குப் பூவும் நாடகமும். மஸ்கிட்டோவுக்கு என்ன வந்தது?

இன்னும் பின்னுக்குப் போனால், முதல் புஷ்ரேஞ்சர் எண்டு சொல்லுற ஜோன் சீசரே ஆப்பிரிக்க வம்சாவளி. அஞ்சு காலன் ரம்முக்கு ஆசைப்பட்டு 1796ல சுட்டுப்போட்டினம்.

வக்கீல் குமாஸ்தா:
யாரா அக்கா சொன்னதுக்கு அப்புறம் ‘கலக நாடகம்’னு சொல்ல வாய் வருமா?

மேடைப்பித்தன்:
வரும். அக்கா சொன்னது முழு உண்மை, அதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். வெள்ளைக்காரக் கைதிக்கு இரங்கிய மேடை கறுப்பு மனிதருக்கு இரங்கவில்லை. அதனால் கைதிக்கு இரங்கியதே பொய் என்று ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தக் கலகமும் மிஞ்சாது.

அக்காவே நெட் கெலியை ஆரம்பித்துவிட்டதால் அங்கே போவோம். மூன்று போலீஸ்காரர்கள் 1878 அக்டோபரில் ஸ்ட்ரிங்கிபார்க் கிரீக்கில் கொல்லப்படுகிறார்கள். கெலி கும்பலைக் கண்ட இடத்தில் சுடலாம் என்று சட்டம் வருகிறது. இரண்டு வங்கிக் கொள்ளை. தலைக்கு விலை 8,000 பவுன் வரை ஏறுகிறது. அனுதாபிகள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே வைக்கிறார்கள். கும்பல் அதுவரை பிடிபடவே இல்லை. அந்த நேரத்தில், 1879இல், மெல்போர்னில் ‘கேட்சிங் தி கெலிஸ்’ என்று கேலி நாடகம் ஓடுகிறது! செத்த பிறகுதான் சரக்கு என்றீர்களே குமாஸ்தா சார், இவன் உயிரோடு துப்பாக்கியும் கையுமாகத் திரிந்துகொண்டிருந்தான்.

1880 நவம்பர் 11 நெட் கெலிக்குத் தூக்கு. மறு வருஷமே ‘ஆஸ்ட்ரசைஸ்ட்’, ஒதுக்கப்பட்டவர்கள் என்று தலைப்பு வைத்து மெல்போர்னில் ஒரு நாடகம். போலீஸ் எப்படி நடந்துகொண்டது என்று விசாரிக்க அமைத்த ராயல் கமிஷன் அப்போது உட்கார்ந்திருக்கிறது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு தலைப்பு வைத்தவருக்கு யார் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாதா?

வக்கீல் குமாஸ்தா:
தெரியும், டிக்கெட் கவுண்டர் பக்கம்.

1879 நாடகம் கேலிக்கூத்துன்னு நீங்களே சொல்றீங்க. மெல்போர்ன் நகரத்து மத்தியதர வர்க்கம், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துல போலீஸ் திணர்றதைப் பார்த்துச் சிரிச்சது. வடகிழக்கு விக்டோரியாவுல அனுதாபின்னு உள்ள இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பால என்ன ஆச்சு?

தூக்கு நடந்த அன்னைக்கு ராத்திரியே மெல்போர்ன் அப்போலோ ஹால்ல கெலியோட தங்கச்சி கேட்டையும் தம்பி ஜிம்மையும் மேடையில உட்கார வெச்சு, காசு வாங்கிட்டு ஜனங்களைப் பார்க்க விட்டாங்க. அதுவும் உங்க கணக்குல கலகமா?

சும்மா படிக்கிறவன்:
அன்னைக்கு ராத்திரியேவா?? அண்ணன் பொணம் ஜெயில்ல கிடக்குதுய்யா.

யாரா நதி:
அது மட்டுமில்லை, தம்பி. மகனைத் தூக்கில போட்ட அதே மெல்பேர்ன் ஜெயிலுக்குள்ளதான் தாய் எலனும் கைதியா இருந்தவ. கேட்டுக்கு 17 வயசு. வீட்டில உழைக்க ஆம்பிளையள் இல்லை, காணி கடனில. ஆரோ ஒரு காட்சிக்காரன் காசு தாறன் எண்டு கேட்டிருப்பான். இதைக் கலகம் எண்டும் சொல்லேலாது, கல்லாப்பெட்டி எண்டு நக்கலடிக்கவும் ஏலாது. பிறகு சிட்னிக்கும் கொண்டு போனவை, அங்க போலீஸ் நிப்பாட்டிப்போட்டுது.

குமாஸ்தா, அதுக்கு முந்தி ஒரு காட்சி நடந்தது, அதுக்கு டிக்கெட் இல்லை. கெலி கும்பல் போலீசோட கடைசியாப் பிடிச்ச க்ளென்ரோவன் சண்டையில செத்த கூட்டாளி ஜோ பேர்னின்ர உடம்பை, பெனால்லா லொக்கப் கதவில கயித்தில கட்டித் தொங்கவிட்டு, படம் பிடிக்கிறவைக்குக் காட்டினது ஆர்? போலீஸ். பொணத்தை மேடையேத்தினது முதலில அரசாங்கம்தான். நாடகக்காரன் பிந்தித்தான் வந்தவன்.

மேடைப்பித்தன்:
அக்கா, இதை இந்த இழையின் முதல் பதிவாகப் போட்டிருக்க வேண்டும்.

பழுப்பு ஏடு:
1890ஐ விட்டுவிட்டீர்கள். வணிக ரீதியில் பெரிய வெற்றி அதுதான். ஆல்ஃபிரட் டாம்பியர் மெல்போர்ன் அலெக்சாண்ட்ரா தியேட்டரில் ‘ராபரி அண்டர் ஆர்ம்ஸ்’ போட்டார். ரோல்ஃப் போல்டர்வுட்டின் நாவலை டாம்பியரும் கார்னெட் வால்ஷும் நாடகமாக்கினார்கள். நாயகன் கேப்டன் ஸ்டார்லைட், கனவான் கொள்ளையன். போலீஸ்காரர்கள் சிரிப்பு மூட்ட வருகிறார்கள். பின்னர் லண்டன் வரை போனது.

போல்டர்வுட் என்பது புனைபெயர். உண்மைப் பெயர் தாமஸ் அலெக்சாண்டர் பிரவுன். தொழில், மாஜிஸ்திரேட்! பகலில் தண்டனை கொடுத்தவர் எழுத உட்கார்ந்தால் கொள்ளையனுக்காக உருகியிருக்கிறார். என் வாசிப்பில் கதை இங்கே திசை திரும்புகிறது. பர்ன், மெல்வில், ஹார்ப்பர் காலத்தில் புஷ்ரேஞ்சர் என்பவன் நாளைக்கு உங்கள் வண்டியை மறிக்கக்கூடியவன். 1890இல் ரயிலும் தந்தியும் வந்துவிட்டன, அந்தத் தொழிலே ஒழிந்துபோயிற்று. பயம் போன இடத்தில் பாசம் வந்தது. குதிரையோடு மேடையில் வந்தான், குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள்.

ஆகவே ஆரம்ப கால நாடகங்களையும் டாம்பியரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். முன்னதில் கலகம் இருந்தது, மேடை கிடைக்கவில்லை. பின்னதற்கு மேடை கிடைத்தது, கலகம் இல்லை.

வக்கீல் குமாஸ்தா:
ஐயா சொன்னதுல ரெண்டாவது பாதிக்குக் கையெழுத்துப் போடறேன். முதல் பாதிக்கு மாட்டேன். மெல்வில்லுக்கு மேடை கிடைச்சுது, ஹோபார்ட்லயும் லான்செஸ்டன்லயும் போட்டார். கிடைச்ச மேடையில பண்ணையார் பொண்ணைத்தான் காப்பாத்தினார்.

மேடைப்பித்தன்:
கலகமே இல்லாத சரக்கென்றால் தடை எதற்கு? 1906 டிசம்பரில் ‘தி ஸ்டோரி ஆஃப் தி கெலி கேங்’ படம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய, உலகின் முதல் முழுநீளக் கதைப்படம். மேடையில் பழகிய அதே காட்சிகள்தான் திரைக்குப் போயின. 1907இல் பெனால்லாவிலும் வாங்கராட்டாவிலும் தடை. 1912இல் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் புஷ்ரேஞ்சர் படங்களையே மொத்தமாகத் தடுத்துவிட்டது.

வக்கீல் குமாஸ்தா:
தடுத்தது படத்தை. ஈ. ஐ. கோல் ஊர் ஊராக் கூடாரம் அடிச்சு அதே கொள்ளையர் கதைகளை நாடகமாப் போட்டுட்டுத்தான் இருந்தார். உங்க மேடை அவ்வளவு ஆபத்தானதா இருந்திருந்தா முதல்ல கூடாரத்தைத்தானே பிரிச்சிருப்பாங்க? சில்லறைக் காசுக்குச் சின்னப் பசங்க கும்பலாப் போய்ப் படம் பார்த்தாங்க, அதுதான் போலீசுக்கு உறுத்துச்சு.

யாரா நதி:
பெனால்லாவை ரெண்டு பேரும் சும்மா ஊர்ப்பேரா மட்டும் சொல்லிப்போட்டுப் போறியள். அது ஜோ பேர்னைக் கட்டித் தொங்கவிட்ட ஊர். கெலியின்ர சொந்தக்காரரும், செத்த போலீஸ்காரரைத் தெரிஞ்ச ஆக்களும் ஒரே சந்தைக்குப் போற இடம். 27 வருசம்தான் ஆகியிருந்தது. அங்க தடை செய்ததை வைச்சு மெல்பேர்ன் மேடைக்குத் தீர்ப்புச் சொல்லேலாது. பர்னின்ர நாடகம் ஹோபார்ட்டில போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதுதான் பெனால்லாவில நடந்தது.

மேடைப்பித்தன்:
குமாஸ்தா சார், அக்கா யார் பக்கம் பேசினார் என்று கவனித்தீர்களா?

வக்கீல் குமாஸ்தா:
ரெண்டு பேர் பக்கமும் இல்லை. எனக்கு நாளைக்கு ஆபீஸ் இருக்கு. மெல்வில் பிரதியை முழுசா எடுத்து வெச்சுக்கிட்டு சனிக்கிழமை வாங்க, காட்சி காட்சியாப் பார்ப்போம்.